பிளாஷ் அடிக்கலைன்னா போர்டு போச்சா?



"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நட்பைப் பற்றி மட்டும் ஏற்கெனவே பதினோரு கவிதை வந்து கிடக்கிறதாம். நீங்கள் தப்பித்தீர்கள். அதற்குப் பதிலாக, ஆறு மாதமாக என் மனசில் கிடந்து உறுத்துகிற ஒரு விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன். அது ஒரு கேமரா பிளாஷ் பற்றியது. கொஞ்சம் நம்ம லேப் பற்றியதும்தான். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் அப்பா கொத்தனார். அம்மா பீடி சுற்றுகிறார். பத்தாம் வகுப்பைத் தாண்டினவன் நான் ஒருத்தன்தான். என் சித்தப்பா காதுகுத்து, சடங்கு வீடு என்று சின்னச் சின்ன விசேஷங்களுக்குப் போட்டோ எடுக்கப் போவார். வட்டிக்குக் கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயிலில் காதுகுத்து. அட்வான்ஸ் 1000 ரூபாய் வாங்கி, அது அரிசியாகவும் மாறிவிட்டது. கேமராவில் பிளாஷ் எழும்பவே இல்லை.

கடையில் காட்டியிருக்கிறார். அங்கே பட்டனை ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சுண்ணே. 3500 ஆகும். புதன்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

"ஏலே, நீ கரண்டு படிப்புதான படிக்க? என்னன்னு பாரு."

வீடே என்னைப் பார்த்தது. ஆச்சிகூட வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டாள். எலெக்ட்ரானிக் டிவைசஸில் 91 மார்க் வாங்கினவன் நான்! என் கை முதலில் எங்கே போனது தெரியுமா? ஸ்க்ரூ டிரைவருக்குத்தான். அதை எடுக்கவிடாமல் தடுத்தது என் படிப்பு இல்லை, என் கட்டைவிரல்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டு லீவில் பழைய இரும்புக் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினேன். ரெண்டு பென்சில் பேட்டரி போடுகிற சாதா கேமரா. பிளாஷ் அடிக்காது. பேட்டரியைக் கழற்றிவிட்டோமே, இனி என்ன பயம் என்று திறந்தேன். உள்ளே சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு கெப்பாசிட்டர். அதன் காலில் கட்டைவிரல் பட்டது. அடித்த அடியில் கேமரா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூணு வோல்ட் பேட்டரிக்கு இந்த அடியா என்று உட்கார்ந்து யோசித்தேன்.

விஷயம் இதுதான். பிளாஷ் குழாய்க்குள் இருப்பது செனான் வாயு. அது மூணு வோல்ட்டுக்கெல்லாம் மசியாது. உள்ளே ஒரு குட்டி ஆசிலேட்டரும் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து பேட்டரி வோல்டேஜைச் சுமார் 300 வோல்ட்டாக ஏற்றி அந்தக் கெப்பாசிட்டரை நிரப்புகின்றன. படம் எடுக்கும்போது இன்னொரு சின்ன டிரிகர் காயில், ஒரு கண நேரத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் குழாய்மேல் தருகிறது. வாயு அயனியாகி வழி திறக்கிறது. கெப்பாசிட்டரில் இருப்பது மொத்தமும் அதன் வழியாகப் பாய்கிறது. 120 மைக்ரோ பாரட், 300 வோல்ட் என்று வையுங்கள். அரை சி.வி. ஸ்கொயர் போட்டால் 5.4 ஜூல். அது ஆயிரத்தில் ஒரு வினாடிக்குள் தீர்ந்துவிடுகிறது. ஐயாயிரம் வாட்டுக்கு மேல்! பேட்டரியைக் கழற்றினாலும் அந்தக் கெப்பாசிட்டர் காலியாகாது. நாள் கணக்கில்கூடத் தாங்கி நிற்கும். இதே சூத்திரத்தைப் பரீட்சையில் எழுதி ரெண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். அதற்கும் என் கட்டைவிரலுக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

(செல்போனில் இருப்பது எல்.இ.டி. அதற்கு இந்த 300 வோல்ட் சங்கதி எல்லாம் கிடையாது. 2013-ல் வந்த நோக்கியா லூமியா 1020 மாதிரி சில போன்களில்தான் செனான் வைத்தார்கள்.)

சரி, சித்தப்பா கேமராவுக்கு வருவோம். திறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. வேறு வழியில்லாமல் யோசிக்க ஆரம்பித்தேன்.

பிளாஷ் எழும்பியும் அடிக்காமல் இருப்பது ஒரு வியாதி. எழும்பவே இல்லை என்பது வேறு வியாதி. முதலாவதில்தான் குழாய், கெப்பாசிட்டர், டிரிகர் எல்லாம் சந்தேகத்துக்கு வரும். இங்கே தலையே நிமிரவில்லை. நிமிராத தலைக்குப் போர்டைக் குற்றம் சொன்னால் எப்படி? ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேலே சுற்றுகிற டயலில், குறுக்குக்கோடு போட்ட மின்னல் படத்தில் நிற்கிறதா? இல்லை, ஆட்டோவில்தான் நிற்கிறது. மெனுவில் பிளாஷை அணைத்து வைத்திருக்கிறாரா? இல்லை. தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் மோடா? சில கேமராக்கள் அதில் பிளாஷை மறுத்துவிடும். அதுவும் இல்லை. பேட்டரி முழுசாக இருக்கிறது. வீட்டு லைட்டை அணைத்துவிட்டுப் பட்டனைப் பாதி அமுக்கினேன். போகஸ் ஆகிறது, ஷட்டர் விழுகிறது, பிளாஷ் மட்டும் அசையவில்லை. ஆச்சி இருட்டில், "கரண்டு படிக்கிறவன் இருக்கிற கரண்டையும் அமத்திட்டான்" என்றாள்.

அப்புறம்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "சித்தப்பா, கடைசியா எப்போ வேலை செஞ்சுது?"

"போன மாசக் கல்யாணத்துக்கு முன்னாடி. அந்தக் கல்யாணத்துக்கு, கூட்டாளிகிட்ட பெரிய பிளாஷை இரவல் வாங்கி மாட்டினேன். அதைத் திருப்பிக் குடுத்ததுல இருந்து இது எந்திரிக்கல."

பெரிய பிளாஷை மாட்டுகிற தண்டவாளத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் கடுகு மாதிரி ஒரு சுவிட்ச். வெளி பிளாஷ் உள்ளே நுழைந்தால் அது அமுங்கும். அமுங்கினால், "மேலே பெரியவர் வந்துவிட்டார், நாம் எழும்பினால் இடிக்கும்" என்று உள் பிளாஷ் எழும்பாமல் இருக்கும். பெரியவர் போயும் அந்தச் சுவிட்ச் அமுங்கினபடியே கிடந்தது. வியர்வையும் தூசியும் சேர்ந்து பசை மாதிரி ஒட்டியிருந்தது. பல்குத்தும் குச்சியால் மெதுவாக நெம்பி, பஞ்சில் ஐ.பி.ஏ. திரவம் ஒரு துளி தொட்டு, முன்னும் பின்னும் ஆட்டினேன். பட்டனை அமுக்கினேன்.

'டக்' என்று எழுந்து நின்றது. அடித்த வெளிச்சத்தில் ஆச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. கேமராவை வேட்டி நுனியால் துடைத்துப் பையில் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "3500" என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு நேரம் இல்லை. 'கடைசியா எப்போ வேலை செஞ்சுது' என்று கேட்க அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நமக்கும்தான் சொல்லித் தரவில்லை. அதுதான் என் ஆதங்கம்.

நம்ம லேபில் என்ன நடக்கிறது? கிட் வேலை செய்தால் ரீடிங் எடுக்கிறோம். வேலை செய்யாவிட்டால், "பக்கத்துக் கிட்டுக்குப் போ". அதுவும் இல்லையென்றால் சீனியர் ரெக்கார்டு இருக்கவே இருக்கிறது. (சிரிக்காதீர்கள், நீங்களும்தான்.) செத்துப்போன கிட்டுகள் எல்லாம் மூலை பீரோவுக்குள் போய்விடுகின்றன. என்னைக் கேட்டால் அந்தப் பீரோதான் நல்ல லேப். மாதத்துக்கு ஒரு பீரியடு அதைத் திறந்து, ஆளுக்கொரு செத்த கிட்டைக் கொடுத்து, "எங்கே போச்சுன்னு கண்டுபிடி" என்று விட்டால் என்ன? ரிப்பேர் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. எதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று வரிசையாக எழுதிக் காட்டினால் மார்க் போடலாமே.

என் பெஞ்ச் நண்பன் கேட்டான், "மாப்ள, இன்டர்வியூவுல ஆப்டிடியூட்தானடா கேக்கான், இதை யார் கேக்கா?" அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு செமஸ்டரில் சிலபஸை முடிக்கவே சார்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். 300 வோல்ட்டில் பையன் கை வைத்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அதனால் அஞ்சு வோல்ட், பன்னிரண்டு வோல்ட் கிட்டிலேயே ஆரம்பிக்கலாம். ஆனால் இன்டர்வியூவில் கேட்காதது வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் கேட்கப்படுகிறது. படித்த பிள்ளை வீட்டுக்கு ஒருத்தன்தான் இருக்கிறான் என்றால் அவனைத்தான் கேட்பார்கள்.

என் 150 ரூபாய் கேமரா இன்னும் அடிக்கவில்லை. இப்போதெல்லாம் திறந்தவுடன், இன்சுலேஷன் போட்ட வயரில் 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வைத்துக் கெப்பாசிட்டரைக் காலி செய்கிறேன். மீட்டரில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் கை வைக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்தால் பொறி பறந்து கால் கருகிவிடும். அதையும் செய்து பார்த்துவிட்டேன். சார்ஜ் 290 வோல்ட் வரை ஒழுங்காக ஏறுகிறது. ஆகவே குற்றவாளி டிரிகர் காயில், குழாய், அதை ஓட்டுகிற ஐ.ஜி.பி.டி. இந்த மூன்றில் ஒன்று. உங்கள் யார் வீட்டுப் பரணிலாவது அதே மாதிரி பழைய கேமரா கிடந்தால், மூன்றாமாண்டு இ.சி.இ. கடைசி பெஞ்சில் கொண்டுவந்து தாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு. திறந்து பார்க்காமல்.