பந்தைப் பறித்தது நோயன்று



நம் நாட்டில் ஒரு வசை உண்டு. ஜொகூரில் 'தம்போய்' என்பார்கள். பேராக் பக்கம் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்பார்கள். இரண்டும் ஊர்ப்பெயர்களே. தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இலும் தம்போயில் 1937-இலும் மனநல மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. நோயாளி குணம்பெறச் செல்லும் ஊரின் பெயரையே ஏளனச் சொல்லாக்கிய பெருமை நம்மைச் சாரும்! பள்ளித் திடலில் பந்தைத் தவறவிட்ட மாணவனை நோக்கி இன்னொருவன் அச்சொல்லை வீசுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை அதை எங்கே கற்றான்? பெரியவர்களாகிய நம்மிடம்தான்.

அச்சொல் என்னைச் சுடுவதற்குக் காரணம் உண்டு. என் சிற்றப்பா தம் பத்தொன்பதாம் வயதிலிருந்து இறக்கும்வரை மனச்சிதைவு நோயோடு வாழ்ந்தவர். அவரைப் பற்றி எங்கள் உறவினர் பேசினால் நோயில் தொடங்கி நோயிலேயே முடிப்பார்கள். அவர் ஒரு கோல் காவலர் என்பதை எவரும் சொல்வதில்லை.

குளுவாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர் அவர். தோட்டக் காற்பந்துக் குழுவின் கோல் கம்பங்களுக்கிடையே நின்றவர். தேசியக் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் அவருக்குத் தெய்வம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' எனப் பெயர்பெற்ற அந்தத் தமிழர், 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற மலேசியக் குழுவைச் சேர்ந்தவர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் மாஸ்கோ செல்லவில்லை என்பது வேறு கதை.

1982-இல் சிற்றப்பாவின் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. இந்நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோதான் தலைகாட்டும். ஆனால் எங்கள் தோட்டத்தார் கண்டுபிடித்தது 'காற்று சேட்டை'! நான்கு ஆண்டுகள் பூசாரி மாற்றிப் பூசாரியாக அலைந்தார்கள். மனச்சிதைவுக்கான முதல் மருந்தாகிய குளோர்புரோமசின் 1952 முதலே உலகில் பயன்பாட்டில் இருந்தது. முப்பதாண்டு முதிர்ந்த மருத்துவம் இருக்க, வேப்பிலையால் அடித்தார்கள்.

இறைவழிபாட்டை நான் பழிக்கவில்லை. மருத்துவத்தைத் தடுக்கும் நம்பிக்கையைத்தான் பழிக்கிறேன். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். குணமாகட்டும் என்று உறவினர் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள்.

சிற்றப்பா ஒருவழியாக மருத்துவரிடம் சென்றார். மருந்தால் குரல்கள் அடங்கின. கையுறையை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனார். "இவனை நம்பிக் கோலை விடுவதா?" என்று குழுவினர் கேட்டார்கள். ஒரே ஓர் ஆட்டத்தில்கூட அவரைச் சோதித்துப் பார்க்கவில்லை. அன்று முதல் அவர் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றார். ரப்பர் மரங்களுக்கிடையே ஓடிய பந்தை எடுத்துத் தருவது அவர் வேலையாயிற்று.

அவருடைய மகிழ்ச்சியையும் துயரத்தையும்கூட நாம் விட்டுவைக்கவில்லை. 1988-இல் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். சிற்றப்பா இரண்டு நாள் உண்ணவில்லை. ஊரே துக்கத்தில் இருந்தது. ஆயினும் அவருடைய துக்கத்தை மட்டும் "நோய் முற்றிவிட்டது" என்றார்கள். 1991-இல் ஜொகூர், லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்றது. லயன் வீடுகளில் எல்லாரும் கூச்சலிட்டனர். சிற்றப்பாவும் கூச்சலிட்டார். "மறுபடியும் ஏறிவிட்டது" என்று அவரை மட்டும் வீட்டுக்குள் இழுத்துப் பூட்டினார்கள். மற்றவர் கத்தினால் கொண்டாட்டம், அவர் கத்தினால் நோயா? இது என்ன நியாயம்?

"அப்படிப்பட்டவர்களால் பிறருக்கு ஆபத்து அல்லவா?" என்று கேட்பீர்கள். மனநோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. தாக்குவதைக் காட்டிலும் தாக்கப்படுவதே அவர்களுக்கு அதிகம் நேர்கிறது.

"வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போகும், பெண் கொடுக்க மாட்டார்கள்" என்பீர்கள். மறைத்தால் சிகிச்சை தாமதமாகும். தாமதமானால் நோய் வேரூன்றும். எங்கள் குடும்பம் மானத்துக்குக் கொடுத்த விலை நான்கு ஆண்டுகள். அந்த ஆண்டுகள் சிற்றப்பாவுடையவை.

"நோயாளிக்கு விளையாட்டு எதற்கு?" என்போரும் உளர். இந்நோய்க்குரிய மருந்துகளுள் பல உடல் எடையைக் கூட்டும், நீரிழிவுக்கு வழிகோலும். மனச்சிதைவு உடையோர் இளமையில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதயநோய் போன்ற உடல்நோய்களே அதற்குப் பெரும்பாலும் காரணம். அவ்வாறாயின் திடல் யாருக்கு மிகுதியும் தேவை? சிற்றப்பாவும் 2018-இல் இதயநோயால்தான் இறந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னபோது அதையும் பிரமை என்றே பலர் ஒதுக்கினர். துக்க வீட்டில் "விடுதலை கிடைத்தது" என்றார்கள். எதிலிருந்து விடுதலை? மூன்று ஆண்டுகளுக்கு முன், 2015-இல், ஜொகூர் டாருல் தக்சிம் குழு ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்றபோது குழந்தைபோல் அழுதவர் அவர். வாழ விரும்பியவர், ஐயா!

சட்டம் நம்மைவிட வேகமாக நடந்திருக்கிறது. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010-இல் நடப்புக்கு வந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309, 2023-இல் நீக்கப்பட்டது. மனநோயாளிகள் மாற்றுத்திறனாளிகளாகச் சமூகநலத் துறையில் பதிந்துகொள்ளலாம். அரசின் 'மெந்தாரி' சமூக மனநல நிலையங்கள் வேலை தேடிக்கொள்ளவும் உதவுகின்றன. நம் குடும்பங்கள் இவற்றை நாடிப் போகாமலிருப்பதற்குத் தடை அறியாமை மட்டுமன்று, வெட்கமும்தான்.

என் சக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 2011 முதல் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்னும் கொள்கை நம் பள்ளிகளில் உள்ளது. விளையாட்டு திறமைசாலிக்கு மட்டும் உரியதன்று என்பதே அதன் பொருள். அதை நோயுற்றவருக்கும் நீட்டுங்கள். உடற்கல்வி, நலக்கல்விப் பாடவேளையில் மூட்டுச் சுளுக்கைப் பற்றிப் பேசும் அதே இயல்பான குரலில் மனநோயைப் பற்றியும் பேசுங்கள். 'தம்போய்' என்று ஒரு பிள்ளை ஏளனம் செய்தால் கேட்காததுபோல் கடந்து போகாதீர்கள். அங்கு மருத்துவமனை இருக்கிறது, அங்கே மக்கள் குணமடைகிறார்கள் என்று சொல்லுங்கள்.

தீபாவளிக் காற்பந்துப் போட்டி நடத்தும் இளைஞர் மன்றத்தாரே, உங்கள் திடலோரத்திலும் ஒருவர் பந்து பொறுக்கிக்கொண்டிருப்பார். அடுத்த ஆட்டத்தில் பத்து நிமிடமேனும் அவரைக் கோலில் நிறுத்துங்கள். நான்கு கோல்கள் விழுந்தாலும் விழட்டும். தோற்பது ஓர் ஆட்டம்தானே?

அன்புடன்,
ஜொகூரிலிருந்து ஒரு தமிழாசிரியர்