வயது போனால் வீச்சும் போகுமா?

"வயது போனவர்" என்று நமது ஊரில் ஒருவரைக் குறிக்கும்போது, வயதோடு வேறு பலவும் அவரை விட்டுப் போய்விட்டன என்னும் பொருளையும் அச்சொல்லிலே ஏற்றிவிடுகின்றோம். உண்மையிற் போனது எது, போகாமல் நிற்பது எது என்று பிரித்துப் பார்ப்பவர் சிலரே. அதனைப் பிரித்து, அளந்தும் காட்டுகின்ற விளையாட்டு ஒன்று உண்டு. அது கோல்ப்.

பண்டத்தரிப்பில் கிட்டிப்புள் அடித்து வளர்ந்த நமக்குக் கோல்ப் பழக்கமான ஆட்டமன்று. பிரித்தானியர் அதற்கென 1879ஆம் ஆண்டிற் கொழும்பிலும், 1889ஆம் ஆண்டில் நுவரெலியாவிலும் கழகங்களை அமைத்தனர். ஏறத்தாழ 46 கிராம் நிறையுள்ள சிறு பந்தைக் கோலால் அடித்துச் சென்று, தொலைவிலுள்ள குழியில் வீழ்த்த வேண்டும். குறைந்த அடிகளில் வீழ்த்துபவரே வென்றவர். முதலடி நெடுந்தூரம் செல்ல வேண்டும். கடைசியடி ஒரு முழத் தூரமே ஆயினும் பிசகக் கூடாது. வயது தன் கையைக் காட்டுவது முதலடியிலேதான். இளமையில் 240 யார் தூரம் அடித்த ஒருவர், எழுபது வயதில் 190 யாரோடு நின்றுவிடுவாராயின் அதில் வியப்பில்லை.

ஏன் இவ்வாறு நேர்கின்றது? பந்தும் கோலும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு செக்கனில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. அச்சிறு நேரத்திற் பந்தை அழுத்தித் தள்ளுவதற்கு எவராலும் இயலாது. கோலின் தலை எவ்வளவு வேகத்தோடு வந்து மோதுகின்றது என்பதே தூரத்தைப் பெரும்பாலும் நிருணயிக்கின்றது. அவ்வேகம் மணிக்கு ஒரு மைல் குறைந்தால், பந்து செல்லுந் தூரம் சுமார் இரண்டரை யார் குறையும் என்பது ஆட்டக்காரர் கைக்கொள்ளுங் கணக்கு. பத்து மைல் குறைந்தால் இருபத்தைந்து யார் போயிற்று. ஆகவே முதியவர் இழந்தது தூரம் என்பதிலும், வேகம் என்பதே பொருந்தும்.

அந்த வேகம் கையிற் பிறப்பதன்று. காலில் தொடங்கி, இடுப்பிலேறி, முதுகு, தோள், மணிக்கட்டு என்று சாட்டையின் அலைபோல ஓடி வருவது. வயது ஏற ஏற இடுப்பும் முதுகும் முன்போலத் திரும்ப மறுக்கின்றன. வீச்சின் வட்டம் சுருங்குகின்றது. இதனோடு தசையிலும் ஒரு மாற்றம் நிகழ்கின்றது. தசைநார்களில் மெல்ல இயங்கி நெடுநேரம் உழைப்பவை ஒருவகை. சட்டென்று சுருங்கிப் பாய்ச்சல் தருபவை இன்னொருவகை. முதுமை முதலிலும் மிகுதியாகவும் தேய்ப்பது இரண்டாம் வகையையே. ஒரு பெரியவர் நெல்மூட்டையை இன்னமும் அசைத்துத் தூக்குவார். பேரன் எறிந்த பந்தைப் பாய்ந்து பிடிக்க மாட்டார். வலிமை பின்னே போகின்றது. வேகம் அதற்கு முன்னே போய்விடுகின்றது.

இவ்வுண்மைக்கு நமது அயலிலேயே ஒரு சான்று உண்டு. பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள பெரியவிளானைச் சேர்ந்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற அவர், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் உயரம் பாய்ந்தபோது வயது பதினேழு. 1956இல் மெல்போர்ணிலும் பாய்ந்தார். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. 1962இல் ஜக்கார்த்தாவில் வெள்ளி வென்றபோது இருபத்தெட்டு. ஒலிம்பிக்கிலும் ஆசிய விழாவிலும் அவர் பாய்ந்த காலம் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குள் அடங்கிவிட்டது. உயரம் பாய்தலும் கோல்வீச்சும் வெவ்வேறு கலைகள். ஆயினும் இரண்டுக்கும் முதலீடு ஒன்றே: ஒரு கணத்திற் பொங்கி எழும் வேகம். அம்முதலீட்டை இயற்கை எவருக்கும் நீண்டகாலத் தவணையிற் கொடுப்பதில்லை.

இனி, போகாமல் நிற்பதைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் ரேண்பெரி திடலில் பிரித்தானியாவின் பெரும் கோல்ப் போட்டி நடைபெற்றது. அமெரிக்கரான ரொம் வாட்சனுக்கு அறுபது வயது நிறைய ஏழு வாரங்களே இருந்தன. தம்மிலும் தூரமாக அடிக்கும் இளைஞர் பலரை அவர் நான்கு நாளும் பின்னே நிறுத்தினார். காற்றின் போக்கும் தரையின் சரிவும் அவருக்கு மனப்பாடம். கடைசிக் குழிக்கு வந்தபோது ஓரடி முன்னணியில் நின்றார். அங்கே அவர் அடித்த இரண்டாவது பந்து குழி இருந்த பசுந்தரையைக் கடந்து, அப்பால் ஓடிவிட்டது. சமநிலை ஏற்பட்டு, பின்னர் நடந்த மேலதிக ஆட்டத்தில் முப்பத்தாறு வயதான ஸ்ருவர்ட் சிங்க் வென்றார். அந்தப் பெரியவர் வெற்றியை இழந்தது, பந்து எட்டாமற் போனதால் அன்று. எல்லை தாண்டிப் போனதால் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

வன்னியிலிருந்தும் ஓர் உதாரணம் காட்டலாம். முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்னும் அம்மையார், 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், எழுபத்திரண்டு வயதில், 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். இவை கணப்பொழுதுப் பாய்ச்சலை வேண்டாது, நின்று நிலைத்து உழைக்கும் தசைநாரை வேண்டும் போட்டிகள் என்பது நினைக்கத்தக்கது.

மூத்தோர் விளையாட்டை ஒழுங்கு செய்தவர்கள் இவ்வியல்பை நன்குணர்ந்திருக்கின்றனர். ஆடவர் எறியும் குண்டின் நிறை 7.26 கிலோகிராம். ஐம்பது வயதில் அது ஆறு கிலோகிராமாகவும், அறுபதில் ஐந்தாகவும், எழுபதில் நான்காகவும், எண்பதில் மூன்றாகவும் குறைக்கப்படுகின்றது. கோல்ப் திடலிலோ முதலடி அடிக்கும் இடங்கள் முன்னும் பின்னுமாகப் பல உண்டு. முதியவர் முன்னிடத்திலிருந்து அடிக்கலாம். குண்டு இலேசாகின்றது, தூரம் குறுகுகின்றது, ஆனால் ஆட்டக்காரர் வெளியேற்றப்படுவதில்லை. இதிலுள்ள நாகரிகம் நமது இல்லங்களுக்கும் உரியதல்லவா?

நம் முன்னோர் அதனை அறியாதவரல்லர். துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த நாளிலே, துலாவில் ஏறி நடந்தவர் இளைஞர். வாய்க்காலோரம் மண்வெட்டியோடு நின்று, பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிடும் வேலை பெரியவருக்குப் பொருந்திற்று. வேகம் வேண்டிய இடத்தில் வேகமும், கணிப்பு வேண்டிய இடத்திற் கணிப்பும் நின்றன. இன்று நீர்ப்பம்பி வந்த பின்னர் இரு வேலையும் சுருங்கிவிட்டன. பெரியவர் மண்வெட்டியைத் தொட்டாற் பிள்ளைகள் பதறி, "நீங்கள் சும்மா இருங்கோ" என்கின்றனர். அன்பினால் எழும் சொல்லே அது. ஆயினும் பல மாதம் சும்மா இருந்த கால், பின்னர் எழும்ப நினைத்தாலும் எழும்புவதில்லை. வயது தேய்த்ததோடு, வேலையின்மையும் சேர்ந்து தேய்த்துவிடுகின்றது.

வேலையின்மை தேய்த்ததில் ஒரு பகுதியேனும் மீளக்கூடியது என்பதே மகிழ்ச்சிக்குரிய செய்தி. 1990இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், தொண்ணூறு வயதை ஒட்டிய, முதியோர் இல்லத்தில் வாழ்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் காற்பயிற்சி கொடுத்துப் பார்த்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால்வலிமை, சராசரியாக, முன்னிருந்ததன் இருமடங்கையும் தாண்டிற்று. தொண்ணூறிலே இது இயலுமாயின், அறுபதில் நாற்காலியைத் தஞ்சமடைவது ஏன்? நெஞ்சு நோவோ மூட்டு வாதமோ உள்ளவர் வைத்தியரைக் கேட்டுத் தொடங்கட்டும். மற்றையோர் நாள்தோறும் வெயில் தாழ்ந்தபின் நடக்கலாம். கதிரையிலிருந்து கையூன்றாமற் பத்துமுறை எழுந்திருக்கலாம். இடுப்பையும் தோளையும் மெல்லத் திருப்பிப் பழகலாம்.

மாணவரே, உங்கள் பாட்டனார் எறியும் பந்து உங்களை வந்தடையாவிட்டால் நகையாதீர்; நாலடி முன்னே சென்று நில்லுங்கள். பெற்றோரே, பெரியவர் கையிலுள்ள வாளி கனமாயிருந்தாற் பறிக்க வேண்டாம்; பாதியளவு நிரப்பிக் கொடுங்கள். வீச்சுக் குறைந்தவருக்கு நாம் செய்யத்தக்க மரியாதை, எல்லைக்கோட்டைச் சற்று முன்னே கொணர்ந்து வைப்பதேயன்றி, ஆட்டத்திலிருந்து அவரை எழுப்பிவிடுவதன்று.