கக்கூஸ் ரப்பரும் நவீன இசையும்

போன மாதம் ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஜார்ஜ் லூயிஸ் என்கிற கறுப்பினக் கலைஞர் தனியாக வாசித்த ட்ராம்போன் பதிவு ஒன்றைச் செல்போனில் போட்டுக் காட்டினேன். மூணு நிமிஷம் தாண்டவில்லை. தோழர் ஒருவர் கேட்டார்: "என்னண்ணே இது, மாடு கத்துற மாதிரி இருக்கு? பறை இருக்கும்போது நமக்கெதுக்கு இந்த வெள்ளக்காரன் குழாயி?" எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். மாட்டுத்தோலில் பறை கட்டுகிறவன் மாடு கத்துவதற்கு முகம் சுளிக்கலாமாய்யா என்று திருப்பிக் கேட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பக்கத்தில் ஒரு சிறுபத்திரிகை நண்பர் உட்கார்ந்திருந்தார். ஆதிக்க சாதி, ஆனால் நம் கூட்டங்களுக்கெல்லாம் தவறாமல் வருகிறவர். அவர் சொன்னார்: "கறுப்பர்களோட பலமே உணர்ச்சிதான். ப்ளூஸ் கேளுங்க, கண்ணுல தண்ணி வரும். இந்த வடிவச் சோதனையெல்லாம் ஐரோப்பாவுல நடந்த விஷயம். இவங்க அதைப் போலி பண்றாங்க."

தோழர் கேட்டதும் நண்பர் சொன்னதும் வேறு வேறு மாதிரித் தெரியும். ஆனால் ரெண்டும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. ஒடுக்கப்பட்டவன் அவனுக்கென்று ஒதுக்கிய சத்தத்தை மட்டும் போட வேண்டும். அழ வேண்டும், இல்லை அடிக்க வேண்டும். புதுசாக ஒன்றைச் செய்து பார்க்கிற வேலை அவனுடையது அல்ல.

ட்ராம்போன் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பித்தளைக் குழல். ட்ரம்பெட்டில் இருப்பதுபோல் விரலால் அழுத்துகிற கட்டைகள் சாதாரண ட்ராம்போனில் கிடையாது. ஒரு குழலுக்குள் இன்னொரு குழல். முன்னே தள்ளி, பின்னே இழுத்துச் சுரம் பிடிக்க வேண்டும். பாடப்புத்தகம் ஏழு நிலைகள் என்று சொல்லிக்கொடுக்கிறது. ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவில் கிடக்கிற இடத்துக்கு அந்தப் புத்தகத்தில் பெயரில்லை. கறுப்பு இசைக்காரர்கள் குடியேறியது அந்தப் பெயரில்லாத இடத்தில்தான்.

ஜோ நான்டன் என்றொருவர். 'ட்ரிக்கி சாம்' என்பது பட்டப்பெயர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நியூயார்க்குக்கு வந்த கறுப்புக் குடும்பத்தின் பிள்ளை. 1926இல் டியூக் எலிங்டன் குழுவில் சேர்ந்து, 1946இல் சாகும் வரைக்கும் அதில் வாசித்தவர். அவர் கையில் எடுத்தது என்ன தெரியுமா? கக்கூசும் கழுவுத்தொட்டியும் அடைத்துக்கொண்டால் கம்பு நுனியில் ரப்பர்க் கிண்ணம் வைத்து அடைப்பு எடுப்பார்களே, அது. கம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரப்பரை இடது கையில் பிடித்துக் குழலின் வாயை மூடி மூடித் திறந்தார். உள்ளே சின்னதாய் ஒரு ட்ரம்பெட் அடைப்பானையும் செருகிக்கொண்டார். அவர்தான் முதல் ஆள் என்றில்லை. அதே குழுவில் பப்பர் மைலி ட்ரம்பெட்டில் இதைச் செய்துகொண்டிருந்தார். ஆனால் நான்டன் வாசித்தபோது குழல் பேச ஆரம்பித்தது. 1940இல் பதிவான 'கோ-கோ'வில் கேளுங்கள். யா... யா... என்று ஒரு குரல் வருகிறது. மனுஷக் குரலேதான். எந்தப் பாஷை என்று மட்டும் சொல்ல முடியாது.

நம்ம ஊரில் அந்த ரப்பரை யார் கையில் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எலிங்டன் குழு 1927இல் நியூயார்க் ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப்புக்கு வாசிக்கப் போனது. மேடையில் கறுப்பர்கள், மேசைகளில் வெள்ளையர்கள். கறுப்பன் காசு கொடுத்தாலும் வாடிக்கையாளனாக உள்ளே போக முடியாது. அங்கே இந்தச் சத்தத்துக்குக் கிடைத்த பெயர் 'காட்டு இசை'. அந்தப் பெயரையே விளம்பரமாக்கிக் காசு பார்த்தார்கள்.

இப்போது 1966க்கு வாருங்கள். இத்தாலியின் லூச்சியானோ பெரியோ தனி ட்ராம்போனுக்கென்று 'செக்வென்சா 5' என்றொரு படைப்பு எழுதுகிறார். அதில் வாசிப்பவர் குழலுக்குள் குரல் கொடுக்கிறார், அடைப்பானால் மூடித் திறக்கிறார், குழலைப் பேச வைக்கிறார். பெரியோ திருடினார் என்று நான் சொல்லவில்லை. நல்ல படைப்புதான், கேட்டிருக்கிறேன். என் சண்டை பெயர் சூட்டுகிறவர்களோடு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கறுப்பன் செய்தால் காடு. கச்சேரி அரங்கில் ஐரோப்பியர் செய்தால் நவீனம். இந்தக் கணக்கை எழுதுவது யார்?

இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவரும் ஒரு ட்ராம்போன்காரர்தான்: டீக்கடையில் மாடு மாதிரிக் கத்திய அதே ஜார்ஜ் லூயிஸ். 1952இல் சிகாகோவில் பிறந்தவர். அந்த நகரத்தின் தெற்குப் பகுதியில் கறுப்பு இசைக்காரர்கள் 1965இல் ஏஏசிஎம் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கிளப் முதலாளிகளை நம்பாமல் தாங்களே கச்சேரி நடத்துவது, சொந்தப் படைப்பையே வாசிப்பது, பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் இசை சொல்லித் தருவது, இதெல்லாம் அவர்கள் வேலை. லூயிஸ் 1971இல் அதில் சேர்ந்தார். 1976இல் தனி ட்ராம்போன் இசைத்தட்டு ஒன்றைப் பதிவு செய்தார். அதில் ஒரு படைப்பில் மூன்று ட்ராம்போன்களையும் அவரே வாசித்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்திருக்கிறார். அப்புறம் 1980களில், தன்னோடு சேர்ந்து தானாகவே வாசிக்கிற கம்ப்யூட்டர் நிரல் ஒன்றையும் எழுதினார். 'உணர்ச்சிதான் பலம்' என்கிற நண்பர் இதை எந்தப் பெட்டியில் போடுவார்?

1996இல் லூயிஸ் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. 1950க்குப் பிறகான 'சோதனை இசை'யின் வரலாறு வெள்ளையர்களின் வரலாறாகவே எழுதப்பட்டதையும், ஜாஸின் பங்கு அதில் மறைக்கப்பட்டதையும் தோலுரித்துக் காட்டினார். இது ரத்தத்தைப் பற்றிய பேச்சு அல்ல, இசை பற்றிய பார்வையைச் சொல்கிறேன் என்றும் அதில் தெளிவாக்கினார். சரிதான், ரோஸ்வெல் ரட் வெள்ளைக்காரர். அவர் 1960களில் ஆர்ச்சி ஷெப்போடு சேர்ந்து ஊதியதைக் கேட்டால் தோல் நிறம் தெரியாது. ஆனால் வரலாற்றில் பெயர் எழுதும்போது நிறம் தெரிந்துவிடுகிறது, அதுதான் சங்கதி.

பறை இருக்கும்போது இது எதுக்கு என்ற தோழருக்கு: 1969 ஜூலையில் அல்ஜியர்ஸில் பான்-ஆப்பிரிக்கக் கலாச்சார விழா நடந்தது. ஷெப்போடு க்ராச்சன் மன்கர் ட்ராம்போன் எடுத்துக்கொண்டு போனார். மேடையில் அந்த மண்ணின் இசைக்காரர்கள் தங்கள் மேளமும் குழலுமாக நின்றார்கள். ரெண்டு கூட்டமும் சேர்ந்து வாசித்த பதிவு இருக்கிறது. இது எங்க பாட்டன் வாத்தியம், அது வெள்ளைக்காரன் வாத்தியம் என்று அங்கே யாரும் பாகம் பிரிக்கவில்லை.

மன்கர் சத்தக்காரர் இல்லை. 1963இல் பதிவான அவருடைய 'எவலூஷன்' தட்டில் ஒரு சுரத்தை ஊதிவிட்டு அப்படியே காத்திருப்பார். அந்த மௌனம் நம்மைப் பயமுறுத்தும். சின்ன வயசிலேயே இரண்டு தட்டுகளைப் பெரிய கம்பெனி போட்டது. அப்புறம் அங்கே அவர் பெயரில் தட்டு வரவில்லை. தன் படைப்புகளின் உரிமை தன்னிடமே இருக்கணும் என்று பிடிவாதமாய் நின்றதால்தான் வாய்ப்பு போனது என்று அவரே பேசியிருக்கிறார். 2022இல், தன் 85ஆவது பிறந்த நாளன்றே இறந்துபோனார். பத்திரிகைகள் அன்றைக்கு மேதை என்று எழுதின.

எனக்கேன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பினேன். செத்த மாடு பேசுகிற கதை; கடைசியிலிருந்து முதலுக்குப் போகும்; ரெண்டு பக்கத்துக்கு வாக்கியம் முடியாது. ஆசிரியர் போன் செய்து அன்பாகத்தான் பேசினார். "உங்க சேரி வாழ்க்கைய அப்படியே எழுதுங்க தம்பி, அதுதான் உங்க கிட்ட எதிர்பார்க்கிறோம். இந்த வித்தையெல்லாம் எழுத நெறைய பேர் இருக்காங்க."

நெறைய பேர் யார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வலியை எழுதித் தா, கண்ணீர் விட்டுப் படிக்கிறோம். வாக்கியத்தைக் கலைத்துப் போடுகிற உரிமை மட்டும் எங்களுடையது என்கிறார்கள். சேரிக்கு வெளியே கட்டிய வேலியை வாக்கியத்துக்குள்ளும் கொண்டுவந்து நடுகிறார்கள்.

அந்தக் கதையை நான் திருத்தவில்லை. இதே இதழுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். நம்ம ஆசிரியர் குழு என்ன சொல்கிறது, பார்ப்போம்.