குட்டை மீனும் சர்க்காரின் கடமையும்

கிரிவலம் வருவோர் அடி அண்ணாமலையாரைத் தொழுது அப்பால் செல்கின்றனர். அவ்வழிக்கு அப்பால், மழையையே நம்பிய நமது ஜில்லாவின் கிராமங்களில், ஏரியிலும் குட்டையிலும் கட்லா, ரோகு, மிர்கால் மீன்களை வளர்த்து ஜீவனம் செய்யும் குடியானவனைச் சர்க்கார் நினைப்பதுண்டா?

தவிட்டோடும் கடலைப் பிண்ணாக்கோடும் கலந்து போடும்படி, 'புரோபயாடிக்' என்ற பொடி இன்று மீன் வளர்ப்போருக்கு விற்கப்படுகிறது. இது வெறும் மாயமன்று. பாசில்லஸ், லாக்டோபாசில்லஸ் முதலிய நன்மை தரும் நுண்ணுயிர்கள் மீனின் குடலில் தங்கி, நோய்க் கிருமிகளுக்கு இடமும் இரையும் இல்லாதபடி செய்கின்றன. தீனி ஜீரணிக்கவும் துணை புரிகின்றன. ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கண்டபடி தீனியில் கலப்பதால் அவற்றுக்கு அடங்காத கிருமிகள் பெருகி மனிதரையும் வருத்துகின்றன. ஆதலால் ஐரோப்பிய யூனியன், வளர்ச்சிக்காக அம்மருந்துகளைத் தீனியில் இடுவதை 2006-இல் தடுத்தது. இந்திய சர்க்காரும் 2019-இல் கொலிஸ்டினை மீன் வளர்ப்பிற்கு விற்கலாகாதென்று விதித்தது. மருந்துக்குப் பதிலாக நல்லுயிரை நாடுவது விவேகமே.

ஆனால் பொட்டலத்திலுள்ளது உயிரோடிருந்தாலன்றோ பயன்? வித்துறை தரிக்கும் பாசில்லஸ் உஷ்ணத்தைப் பெரிதும் தாங்கும், லாக்டோபாசில்லஸ் தாங்காது. வெயிலில் வெந்த பொடியை வாங்கும் ஏழை, செத்த கிருமிக்கு விலை கொடுக்கிறான். உயிருள்ளதும் எல்லா மீனுக்கும் எல்லா நீருக்கும் ஒன்றுபோல் பலன் தருவதன்று. அழுகிய நீரையும் அளவு மீறிய நெருக்கத்தையும் எந்தப் பொடியும் திருத்தாது.

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-இல் பிறந்தது, 2023-இல் திருத்தப்பெற்றது. குளங்களில் இடும் பொருள்களுக்கு அளவுகோல் விதிக்கவும், தீயவற்றைத் தடுக்கவும் ஆணையத்திற்கு அதிகாரமுண்டு. எனினும் நன்னீர் வளர்ப்பு அச்சட்டத்திற்குப் புறம்பானது. கடலோரத்து இறாலுக்குக் காவல், உள்நாட்டுக் கெண்டைக்குக் கைவிரிப்பு! இது எந்த நியாயம்?

நாம் கேட்பது அதிகமன்று. ஒவ்வொரு பொட்டலத்திலும் நுண்ணுயிரின் வகை, கிராமுக்கு எத்தனை உயிர், காலாவதி, வைக்கவேண்டிய உஷ்ண நிலை ஆகியவை தமிழில் அச்சிடப்பெற வேண்டும். மீன்வளத் துறையினர் கடைச் சரக்கை எடுத்துப் பரிசோதித்து முடிவைப் பகிரங்கமாக்க வேண்டும். நமது மீனின் குடலிலேயே நல்லுயிர்கள் உள்ளன. நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகம் போன்ற ஸ்தாபனங்கள் அவற்றைப் பெருக்கிக் குறைந்த விலைக்கு அளிக்க முன்வரட்டும்.

தேசபக்தி மேடைப் பேச்சோடு முடிவதன்று. கிராமத் தொண்டர்கள் இக்கோரிக்கையை ஊர்தோறும் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றுவார்களாக. ஏழையின் குட்டையில் நடக்கும் மோசடியைத் தடுப்பதும் சுயராஜ்யத்தின் வேலையேயாம்.