பந்தயம் வந்தது, பட்டறை எங்கே?

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகள் இரண்டு நாள்களுக்குப் பந்தயத் தடமாக மாறின. மூன்றரை கிலோமீட்டர் சுற்றில், இரவு விளக்கொளியில் கார்கள் சீறிப் பாய்ந்தன. இதற்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்ற கேள்வி உயர் நீதிமன்றம்வரை சென்றது. ஆதரித்தோர் பெருமிதம் கொண்டனர். எதிர்த்தோர் வீண் ஆடம்பரம் என்றனர். அந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கேள்வியை இங்கே எழுப்ப விரும்புகிறேன்: அங்கே ஓடிய கார்களை உருவாக்கியவர்கள் யார்?

ஃபார்முலா 4 பிரிவில் ஓடியவை பிரான்ஸின் மிகேல் நிறுவனம் வடிவமைத்த கார்கள். உடன் நடந்த இந்தியன் ரேசிங் லீக்கின் கார்கள், இத்தாலியின் வுல்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்தவை. நாட்டின் வாகன உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் மாநிலத்தின் தலைநகரில் நடந்த பந்தயத்துக்கு, கார்கள் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த வுல்ஃப் கார்களை இயக்கியது, அப்ரிலியா மோட்டார் சைக்கிளின் இன்ஜினிலிருந்து உருவானது. ஒரு வாகனத்தின் பாகத்தை வேறொரு வாகனத்தில் பொருத்துவது ஏழைகளின் தந்திரம் மட்டுமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அந்தத் தந்திரம் நமக்கும் புதிதன்று. கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவர்தன், 1980-களின் இறுதியில் மாருதி 800 காரின் இன்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட அந்த இன்ஜின், அன்றைய குடும்பக் காரில் நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. ஆனால், கூரையும் கதவுகளும் பின்னிருக்கையும் இல்லாத இலேசான சட்டகத்தில் பொருத்தப்பட்டபோது, அதுவே பந்தய இன்ஜினாயிற்று. உதிரி பாகங்களுக்கு வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெருக் கடையிலேயே கிடைத்தன. ஃபார்முலா மாருதி என்று பெயர்பெற்ற அந்தப் பிரிவில்தான் நரேன் கார்த்திகேயன் தன் பந்தய வாழ்வைத் தொடங்கினார். 2005-இல் ஃபார்முலா 1 களத்தில் இறங்கிய முதல் இந்தியர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது. கரிவர்தன் 1995-இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உலக வரலாறும் இதையே சொல்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1946-இல், தட்டுப்பாடு மிகுந்த இங்கிலாந்தில், சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜான் கூப்பரும் இரண்டு பழைய ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பகுதிகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரு சிறு பந்தயக் காரைச் செய்தனர். அதில் 500 சிசி ஜேஏபி மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்தினர். சங்கிலி வழியாகப் பின்சக்கரங்களைச் சுழற்ற அதுவே எளிது என்பதால், இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் சென்றது. பின்புற இன்ஜின் அமைப்பைப் போருக்கு முன்பே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பெரும் பொருட்செலவில் முயன்றிருந்தது. எனினும் அதை நிலைநிறுத்தியது கூப்பர்களின் எளிய பட்டறைதான். 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜாக் பிரபாம் கூப்பர் காரில் உலகப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டுக்குள் ஃபெராரி உட்பட முன்னணி அணிகள் அனைத்தும் இன்ஜினைப் பின்னால் கொண்டுசென்றுவிட்டன. பணம் போதாமையால் எடுத்த முடிவு, பணம் படைத்தவர்களின் பாதையையே மாற்றியது.

இப்படிப் பாகங்களை இணைப்பது எளிதான வேலை என்று எண்ணிவிடக் கூடாது. முன்சக்கர இயக்கம் கொண்ட ஒரு சிறிய காரின் இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சுத்தண்டுகள் ஆகியவற்றைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து, ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துவிடலாம். இதுவே செலவு குறைந்த வழி. ஆனால் உடனே எடைப் பகிர்வு மாறிவிடும். எடை முன்னால் இருந்த காருக்காகக் கணக்கிடப்பட்ட பிரேக், இப்போது எந்தச் சக்கரத்தை முதலில் பூட்டும்? கனமான காருக்காகச் செய்த ஸ்பிரிங், இலேசான காரை வளைவில் எப்படி நடத்தும்? கியர் மாற்றும் கம்பி எவ்வழியே செல்லும்? ரேடியேட்டருக்குக் காற்று எங்கிருந்து வரும்? பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடக்கும் இயற்பியல், இங்கே ஒரே கேள்வியாக மாணவர்முன் வந்து நிற்கிறது. முழுமையாக இறக்குமதியாகும் பந்தயக் கார், அதைப் பராமரிப்பவருக்கு இந்தக் கேள்விகளைப் பெரும்பாலும் விட்டுவைப்பதில்லை. நான் கவலைப்படுவது இந்த இழப்பைப் பற்றித்தான்.

சட்டம் இதை அனுமதிக்கிறதா என்ற ஐயம் எழலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாகச் சாலை வாகனங்களை மாற்றுவதற்குத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், மீறுவோருக்கு ஆறு மாதம்வரை சிறையோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. பொதுச் சாலையைப் பொறுத்தவரை இது சரியானதே. வார இறுதி இரவுகளில் சத்தமெழுப்பும் சைலன்சர்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீறும் இளைஞர்களைத் தடுக்கவே வேண்டும். ஆனால், மூடிய வளாகத்துக்குள் மட்டும் பயன்படும் தனி வகை வாகனங்களை அதே சட்டம் ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. லாரியில் ஏற்றிச் சென்று தடத்தில் மட்டும் ஓட்டப்படும் கார் வேறு. சாலையில் ஓடும் கார் வேறு. இளைஞர்களைச் சாலையிலிருந்து விரட்டும் நாம், அவர்கள் செல்லக்கூடிய தடத்தின் கதவைத் திறந்துவைத்திருக்கிறோமா?

மலிவு என்றால் ஆபத்து அல்லவா என்பது அடுத்த கேள்வி. நியாயமான அச்சம்தான். இதற்கு அமெரிக்காவில் ஒரு விடை உண்டு. 2006-இல் தொடங்கிய ‘24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ பந்தயம், காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக் கூடாது என்ற விதியோடு பிறந்தது. ஆனால், பாதுகாப்புக் கூண்டு, இருக்கை, பெல்ட், பிரேக், டயர் போன்றவை அந்த வரம்புக்குள் வராது. வேகத்தில் சிக்கனம் காட்டலாம், உயிரில் காட்டக் கூடாது என்பதே இதன் பொருள். செலவுக்கு வரம்பு விதிப்பது எளியோர் பந்தயத்துக்கு மட்டும் உரியதன்று. ஃபார்முலா 1 அணிகளுக்கே 2021 முதல் செலவு வரம்பு உண்டு. முதல் ஆண்டில் அது 14.5 கோடி டாலராக இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிப்பாளையத்திலும் தடங்கள் உள்ளன. பழைய வாகனப் பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. கோவையில் லேத் ஓட்டத் தெரிந்த கைகள் உள்ளன. ஃபார்முலா பாரத் போட்டிக்காகப் பொறியியல் மாணவர்கள் மோட்டார் சைக்கிள் இன்ஜின்களைக் கொண்டு ஒற்றை இருக்கைக் கார்களைச் செய்துகொண்டுதான் இருக்கின்றனர். ஆனால் அது வடிவமைப்பையும் திறனையும் மதிப்பிடும் போட்டி. கார்கள் ஒன்றையொன்று முந்தும் பந்தயம் அன்று. போட்டி முடிந்த பிறகு அந்தக் கார் எங்கே போவது? அதைச் செய்த மாணவர் எங்கே போவது? இடையில் ஒரு படிக்கட்டு இல்லை.

அந்தப் படிக்கட்டைக் கட்டுவது பெரிய காரியமன்று. இந்தியச் சாலைகளில் ஓடும் வாகனங்களின் பாகங்கள், கடுமையான செலவு வரம்பு, வரம்புக்கு அப்பாற்பட்ட பாதுகாப்புச் சாதனங்கள், கூட்டமைப்பின் தொழில்நுட்பச் சோதனை ஆகியவற்றைக் கொண்டு ஒரு பந்தயப் பிரிவை உருவாக்கலாம். பொறியியல் கல்லூரிகளோடு தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் அதில் இடம் தர வேண்டும். ஆண்டில் சில நாள்கள் தடத்தின் வாடகையை அரசு ஏற்றுக்கொண்டாலே தொடக்கத்துக்குப் போதுமானது.

டெல்லியை அடுத்த புத் தடத்தில் ஃபார்முலா 1 பந்தயம் 2011 முதல் 2013 வரை மூன்றே ஆண்டுகள் நடந்து நின்றுபோனது. திருவிழா முடிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். கரிவர்தனின் பட்டறை அப்படியன்று; அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து அதன் பலன் ஃபார்முலா 1 களம்வரை சென்றது. பந்தயங்கள் வரட்டும், மகிழ்வோம். அவற்றோடு பட்டறைகளும் வரட்டும் என்பதே என் வேண்டுகோள்.