மீன் செய்தியும் மீனவர் சொல்லும்

கடிதம் நம் கைக்கு வரும்போது அதனை எழுதியவரின் மனம் மாறியிருத்தலும் கூடும். செய்தி எதுவாயினும் அது பிறந்த வேளைக்கே உரியது. மீன்பிடிச் செய்திக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாதி மாதத்தில், நாம் கற்றுக்கொண்டோம்.

உன்னிச்சைக் குளத்தில் மீன் பெருவாரியாகப் படுகின்றதென்று பத்திரிகையொன்றின் மூலையில் நான்கு வரிகள் வெளியாகியிருந்தன. நம் மைந்தனும் அவனுடைய தோழர் இருவரும் அவற்றை வேதவாக்காகக் கொண்டனர். தூண்டில், மண்புழு, கட்டுச்சோறு சகிதம் மறுநாளே புறப்பட்டோம். வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்து, படுவான்கரை சேர்ந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாகக் குளக்கட்டை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

ஒரு மணி நேரம் தூண்டிலிட்டும் ஒரு மீன்கூட இரை தொடவில்லை. நடுக்குளத்துக்குச் செல்லலாமென்று கருதி, கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் தோணி கேட்டோம்.

“மாஸ்டர், மீன் பட்டது மெய்தான். வலைக்குப் பட்டது, அதுவும் விடியக்காலையில. குளம் வற்றிக் கிடக்குது, அதால மீன் ஒரு இடத்தில சேர்ந்து கிடக்குது. ஆனா இண்டைக்கு நான் தோணி விட மாட்டன். மேற்கைப் பாருங்க” என்றார் அவர்.

மேற்கில் ஒரு சிறு கருமையே தெரிந்தது. பிள்ளைகள் முகஞ்சுளித்தனர். நாமும் இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்னோம். அதனை இன்று நினைப்பினும் நாணம் உண்டாகின்றது. முதியவர் மறுமொழி கூறாமல் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அரைமணி கழியுமுன் காற்று எழுந்தது. மின்னலும் இடியும் ஒன்றையொன்று துரத்தி வந்தன. மரத்தடிக்கு ஓடிய பிள்ளைகளை அம்முதியவரே அதட்டி அழைத்து, நமது வாகனத்துள் ஏற்றிக் கதவடைக்கச் செய்தார். நாம் போக விரும்பிய நடுக்குளம் மழைத்திரைக்குள் மறைந்துபோயிற்று.

வீடு திரும்பி அன்றைய பத்திரிகையை எடுத்துப் பார்த்தோம். கிழக்கில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடுமென்ற வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு அதில் இருந்தது. முதல்நாள் வந்த நான்கு வரிகளைப் படித்த நாம், புறப்படும் நாளின் ஒரு வரியைப் படிக்கத் தவறிவிட்டோம்!

ஆயின் மீன் செய்தி பயனற்றதா? அன்று. அதனை விசாரித்துப் படிக்க வேண்டும். எப்போது பட்டது என்பது முதற் கேள்வி. சிறுபோக வேளாண்மைக்கு நீர் பாய்ந்தபின் ஆவணி, புரட்டாதியில் குளம் சுருங்கும். மீன் எஞ்சிய நீரில் திரளும். வடகீழ்ப் பருவமழையால் குளம் நிரம்பியதும் அதே மீன் பரந்த நீரெங்கும் சிதறிவிடும். ஆகவே புரட்டாதிச் செய்தியைக் கொண்டு தைமாதத்தில் புறப்படுவது வீண். குளத்து நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களத்தாரிடம் கேட்டறியலாம்.

எதனால் பட்டது என்பது இரண்டாவது. நம் குளங்களில் மிகுதியாகப் படுவது, 1950களின் தொடக்கத்தில் ஆபிரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த திலாப்பியா. இரவில் விரித்து விடியலில் எடுக்கும் வலைக்கு அது நிறைய அகப்படும். பாசியையும் மட்கிய பொருளையும் பெரிதும் உண்ணும் அம்மீன், நண்பகலில் நமது புழுவை நாடி வருமென்பதற்கு உறுதியில்லை. விராலோ அசையும் உயிரிரையை விரும்புவது. வலைக்காரர் செய்தி வேறு, தூண்டிற்காரர் செய்தி வேறு.

எந்த நீர் என்பது மூன்றாவது. மட்டக்களப்பு வாவி கடலோடு தொடர்புடையது. மாரிவெள்ளத்தில் அதன் உவர்ப்புத் தணியும், கோடையில் மிகும். ஆதலால் வாவிச் செய்தியைக் குளத்துக்கும் குளத்துச் செய்தியை வாவிக்கும் பொருத்தலாகாது. இரண்டிலும் முதலைகள் உண்டென்பதை மட்டும் எங்கும் மறத்தலாகாது.

யார் சொன்னார் என்பது நான்காவது. கூடை நிறைந்தவன் சந்தையெங்கும் பேசுவான். வெறுங்கையுடன் மீண்டவன் வாய்திறவான். எனவே நம் காதில் விழுவது வெற்றிக் கதைகளே. மேலைநாடுகளில் இன்ன நீரில் இன்ன இரைக்கு இன்ன மீன் படுகின்றதென்று செய்தி வெளியிடும் பத்திரிகைகள் பல. அவற்றுக்கும் இவ்விதி புறம்பன்று.

மாணவர்களே, இக்கேள்விகள் மீனுக்கு மட்டும் உரியனவல்ல. பரீட்சை பற்றிய வதந்தியானாலும் வேலைவாய்ப்புப் பற்றிய விளம்பரமானாலும், எப்போது, எதனால், எங்கே, யாரால் என்று கேட்டுப் பழகுங்கள். அதன்பின், அவ்விடத்திலேயே வாழும் ஒருவர் “இன்று வேண்டாம்” என்று சொன்னால், அச்சொல்லை அச்சிட்ட எழுத்துக்கும் மேலாக மதியுங்கள். அவர் சொல்வது இன்றைய செய்தி.

அன்று நாம் ஒரு மீனும் கொண்டுவரவில்லை. அழைத்துச் சென்ற பிள்ளைகள் மூவரையும் அழைத்துவந்தோம்.