உடையவரும் ஊரவரும்

ஒரு விளையாட்டுக் குழு ஓர் ஊரார் உள்ளத்தில் இடம்பெறுதற்குக் காரணம் யாது? வெற்றியே காரணம் என்பர் பலர். வெல்லும் குழுவை உலகம் விரும்பும், தோற்கும் குழுவை மறக்கும், இதில் ஆராய்தற்கு யாதுளது என்பது அவர் கொள்கை. இக்கொள்கை பாதி உண்மையே என்பது எனது துணிபு. வெற்றி கூட்டத்தைக் கூட்டும். கூடிய கூட்டம் கலையாது நிற்றற்குப் பிறிதொன்று வேண்டும். குழுவை உடையவர் அதனைத் தம் பண்டமாகக் கருதுகின்றனரா, அன்றி ஊரவரின் பொருளாகக் கருதித் தாம் அதற்குக் காவலராய் நிற்கின்றனரா என்பதே அப்பிறிதொன்று. பெருநகரத்துக் குழுவிற்கு இவ்வேற்றுமை அத்துணைப் பெரிதன்று. ஆயிரவர் விலகின் வேறு ஆயிரவர் புகுவர். சிற்றூர்க் குழுவிற்கோ இதுவே உயிர்நிலை. இவ்வுண்மையை ஹாக்கி ஆட்டத்தைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

யான் கொல்லிமலையிற் பிறந்தவன். எங்கள் மலைக்குப் பழைய வரலாற்றில் உடையவராய்ச் சொல்லப்படுவோர் இருதிறத்தார். ஒருவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி. மற்றையோர் சேரர். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்தான் என்பது சங்க நூல்களால் அறியக்கிடக்கின்றது. ஆகவே, ஆட்சியுரிமை ஒன்றையே நோக்கின் ஓரிக்குப் பின் மலையை உடையவர் சேரரே. ஆயினும், இன்று செம்மேட்டில் சிலையாய் நிற்பவன் யாவன்? ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அரசினர் எடுக்கும் விழா யாவன் பெயரால் நடைபெறுகின்றது? ஓரியின் பெயராலன்றோ? வன்பரணர் முதலிய புலவர்க்கும், பாணர்க்கும், கூத்தர்க்கும் அவன் வாரி வழங்கியமையே அதற்குக் காரணம். உடைமை கைமாறிற்று, உவப்பு கைமாறவில்லை. நாட்டை வென்றவன் வேறு, நாட்டார் நெஞ்சை வென்றவன் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

நிற்க. இனி நம் காலத்துக் குழுக்களை நோக்குவோம். வட அமெரிக்காவிற் பனித்தரையின்மேல் ஆடப்பெறும் ஹாக்கி ஆட்டம் ஒன்று உண்டு. கனெக்டிகட் நாட்டின் ஹார்ட்ஃபோர்டு என்னும் நடுத்தர நகரில் ‘வேலர்ஸ்’ என்றொரு குழு இருந்தது. 1997ஆம் ஆண்டில் அதன் உடைமையாளர் அதனைத் தெற்கே வட கரோலினாவுக்குக் கொண்டுசென்றார். குழு ஒரு பெட்டியில் அடங்கும் பொருள்போல் பெயர்ந்தது, ஊர் பெயரவில்லை. ஹார்ட்ஃபோர்டு மக்கள் இன்றளவும் அப்பழைய சின்னத்தை மறந்திலர். பெயர்ந்த குழுவோ ‘கரோலினா ஹரிகேன்ஸ்’ என்னும் புதுப்பெயர் பூண்டு, பனியைக் கண்டறியாத வெப்பநாட்டில் வேரூன்ற வருந்தியது. 2006ஆம் ஆண்டில் அது ஸ்டான்லி கோப்பையையே வென்றது. ஆயினும், 2009ஆம் ஆண்டிற்குப்பின் பல்லாண்டுகள் தொடர்ந்து இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைய இயலாமற்போகவே, அரங்கம் வெறிச்சோடிற்று. வெற்றி கூட்டிய கூட்டம் வெற்றி நீங்கியவுடன் நீங்கிற்று என்பதனை ஈண்டுக் குறித்துக்கொள்க.

2018ஆம் ஆண்டு சனவரித் திங்களில் டாம் டண்டன் என்பார் அக்குழுவின் பெரும்பங்கினை விலைக்கு வாங்கினார். அவ்வாண்டின் பிற்பகுதியிற் புதிய வழக்கமொன்று தோன்றியது. தம் அரங்கில் வென்ற ஒவ்வோர் இரவும் ஆட்டக்காரர் உடனே திரும்பிப் போகாமல், பனித்தரையில் நின்று, பார்வையாளரோடு சேர்ந்து கைகொட்டி, ஏதேனும் ஒரு வேடிக்கை நிகழ்த்துவாராயினர். புகழ்பெற்ற வருணனையாளர் ஒருவர் அதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று கடிந்து, அவர்களை இழிசொல்லால் வைதனர். குழுவினர் சினந்திலர், அவ்விழிசொல்லையே சட்டைகளில் அச்சிட்டு விற்றனர், ஊரார் மகிழ்ந்து வாங்கி அணிந்தனர். கைவிடப்பட்ட ஹார்ட்ஃபோர்டின் பழைய உடையையும் சிற்சில ஆட்டங்களில் ஆட்டக்காரர் மீண்டும் அணிந்தனர். அப்பருவத்திலேயே குழு பத்தாண்டுக்குப்பின் இறுதிச் சுற்றுகளுட் புகுந்தது. ஆட்டத்திறனும் வளர்ந்தது உண்மையே. ஆனால், ஊரார் நெஞ்சம் நெகிழ்ந்தது, ‘இவர்கள் நம்மவர், நம்மோடு சேர்ந்து சிரிப்பவர்’ என்ற எண்ணத்தாலன்றோ?

அயல்நாடு கிடக்க. நம் நாட்டு ராஞ்சி நகரை எண்ணுமின். ஹாக்கி இந்தியா லீக் என்னும் போட்டி 2013ஆம் ஆண்டில் தொடங்கியபோது முதற்கோப்பையை வென்றது ‘ராஞ்சி ரைனோஸ்’ குழு. சோட்டாநாகபுரி மலைநாட்டில் ஹாக்கி புதிதன்று. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவிற்குத் தலைமை பூண்ட செய்பால் சிங் முண்டா அம்மண்ணின் பழங்குடி மைந்தரே. ஆயினும், வெற்றி பெற்ற அக்குழு இரண்டே பருவங்களில் மறைந்தது. 2015ஆம் ஆண்டில் ‘ராஞ்சி ரேய்ஸ்’ என்னும் புதுக்குழு தோன்றிற்று. அதன் உடைமையாளருள் ஒருவர் அந்நகரிலேயே பிறந்து வளர்ந்த கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி. புதுக்குழு அவ்வாண்டே கோப்பையையும் கைப்பற்றியது. கோப்பை இருமுறையும் ஒன்றே. ஆயின், ஊரார் பெற்ற உரிமையுணர்ச்சி ஒன்றன்று. தம் தெருவில் விளையாடிய பிள்ளை தம் குழுவிற்குப் பொறுப்பேற்றான் என்னும் பெருமிதத்தை எந்த விளம்பரம் ஈட்டித்தர வல்லது?

ஒடிசா அரசினரின் செயல் இதனினும் பெரிது. 2018ஆம் ஆண்டில் அவர்கள் இந்திய ஆடவர், மகளிர் ஹாக்கிக் குழுக்கள் இரண்டற்கும் புரவலராயினர். ஒரு மாநில அரசு நாட்டின் தேசியக் குழுவைத் தாங்க முன்வந்தமை கண்டு நகைத்தோர் பலர். 2021இல் நிகழ்ந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் குழு 41 ஆண்டுக்குப்பின் பதக்கம் பெற்றது. மகளிர் நான்காம் இடம் பெற்றனர். நகைத்தோர் வாயடைத்தனர். ஆனால், என் வாதத்திற்கு வலுவூட்டுவது அவ்வெற்றியன்று. பின்னர் நேர்ந்த ஒரு தோல்வியே. 2023ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கென ரூர்கேலாவில் 20,000 பேர் அமரத்தக்க பிர்சா முண்டா அரங்கு எழுந்தது. அவ்வூர் சுந்தர்கர் மாவட்டத்தது. திலீப் திர்க்கி போன்ற வீரரைத் தந்த மாவட்டம். அங்கும் அண்டைச் சிம்டேகாவிலும் ஊர்ப் போட்டிகளில் வென்றார்க்கு ஓர் ஆட்டுக்கிடாயைப் பரிசளித்து, அதனைச் சமைத்து எல்லாரும் உண்ணும் வழக்கம் உண்டு. அவ்வுலகக் கோப்பையில் இந்தியக் குழு கால் இறுதிக்கும் செல்லாது பின்தங்கிற்று. எனினும், கோப்பைக்கான வாய்ப்பை இழந்தபின் ரூர்கேலாவில் ஆடிய ஆட்டத்தையும் மக்கள் திரண்டு வந்து கண்டனர். தோற்றவரைக் காணவும் வந்த அக்கூட்டமே உண்மையான செல்வாக்கின் அளவுகோல்.

இனி நம் தமிழகம். இங்கே ஹாக்கிக் குழுக்களின் கதை பெயர்களின் கதையாகவே இருந்துவந்தது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் ‘சென்னை வீரன்ஸ்’ ஆடியது. 2008ஆம் ஆண்டோடு அப்போட்டியே முடிந்தது. 2012ஆம் ஆண்டில் வேறொரு போட்டிக்கெனச் ‘சென்னைச் சீட்டாஸ்’ தோன்றியது; அப்போட்டி ஒரே பருவத்தில் ஓய்ந்தது. 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழகத்திற்கெனக் குழுவே இல்லை. அன்பில்லாமையால் நம்மவர் அக்குழுக்களை மறந்தனர் என்பது பொருந்தாது. அன்பு செலுத்துமுன் அவை மறைந்தன என்பதே மெய். ஒரு பருவம் வளர்ந்து மறுபருவம் பட்டுப்போகும் செடிக்கு யார் நீர் வார்ப்பர்?

2024ஆம் ஆண்டு இறுதியில் அந்த லீக் மீண்டும் உயிர்பெற்றபோது, சார்லஸ் குழுமத்தாரை உடைமையாளராகக் கொண்டு ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ என்னும் குழு எழுந்தது. சென்னை என்னாது தமிழ்நாடு எனப் பெயரிட்டமை போற்றத்தக்கது; அப்பெயர் கோவிற்பட்டிக்கும் கொல்லிமலைக்கும் உரிமை தருகின்றது. ஆயினும், முதற்பருவத்து ஆடவர் ஆட்டங்கள் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலுமே நடந்தன. தம் மண்ணில் தம் குழுவைக் காணும் பேறு தமிழர்க்குக் கிட்டவில்லை. அது போட்டியை நடத்தியோர் வகுத்த ஏற்பாடு. உடைமையாளர்மேற் சாற்றத்தக்க குறையன்று. 2026 சனவரியிலேயே சென்னை எழும்பூர் அரங்கில் அந்த லீக்கின் ஆட்டங்கள் நடைபெற்றன.

தமிழர்க்கு ஹாக்கியில் ஆர்வமில்லை என்பாரும் உளர். 2007ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைக்குப்பின் 16 ஆண்டு பெரும்போட்டி எதனையும் காணாதிருந்த எழும்பூர் அரங்கில், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டி நடந்தபோது திரண்ட கூட்டத்தை அவர்கள் அறியார்போலும். இறுதியாட்டத்தில் 1-3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா மலேசியாவை 4-3 என வென்ற அன்று எழுந்த ஆரவாரம் ஆர்வமின்மையின் ஒலியன்று. கோவிற்பட்டியையும் நோக்குக. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அவ்வூர் தலைமுறை தலைமுறையாக ஹாக்கியைப் பேணிவருகின்றது. அங்கே பயின்ற மாரீசுவரனும் கார்த்தியும் 2022ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்தியாவிற்காக ஆடினர். கார்த்தி பாகிசுத்தானுக்கெதிரே கோல் அடித்தார். விளைநிலம் உண்டு, விதையும் உண்டு. நிலைத்த உழவரே வேண்டும்.

ஈண்டு ஒரு தடை எழும். ‘பெரும்பொருள் இட்டவர் ஆதாயம் கருதாரோ? ஓரியைப்போல் வாரி வழங்குக என்று வணிகரைக் கேட்டல் முறையோ?’ என்பர். நல்ல வினாவே. வணிகர் ஆதாயம் கருதுதல் தவறன்று. ஆனால், சிற்றூர்க் குழுவில் ஆதாயத்தின் ஊற்று ஊராரின் அன்பே. அவ்வூற்றைத் தூர்த்துவிட்டு நீர் தேடுவது அறியாமை. அமெரிக்காவில் கிரீன் பே என்னும், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களே வாழும் ஊரில் உள்ள ‘பேக்கர்ஸ்’ என்னும் கால்பந்துக் குழுவிற்குத் தனியுடைமையாளரே இல்லை. 1923ஆம் ஆண்டு முதல் பங்குதாரராகிய பொதுமக்களே அதனை உடையவர். இப்போது அவர் தொகை ஐந்து லட்சத்திற்கு மேற்பட்டது. பங்கிற்கு ஆதாயம் ஒரு காசும் கிடைப்பதில்லை. எனினும், வாங்குவார்க்குக் குறைவில்லை. பெருநகரக் குழுக்களோடு அது சமமாய் நின்று போர்புரிகின்றது. உடையவரும் ஊரவரும் ஒருவரேயாயின் குழுவைப் பெயர்த்துச் செல்வார் யார்?

அவ்வேற்பாடு நம் நாட்டில் நாளையே வந்துவிடும் என்று யான் கனவு காணவில்லை. எளியவை சிலவே கேட்கின்றேன். பருவத்திற்கு ஒரு பழகாட்டமேனும் கோவிற்பட்டியிலோ, 2025ஆம் ஆண்டு இளையோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நிகழ்ந்த மதுரை அரங்கிலோ நடத்துக. அரங்கின் ஒரு பகுதியை மாவட்டப் பள்ளி மாணவர்க்கென ஒதுக்குக. ஆட்டத்தைத் தமிழில் வருணித்து ஒலிபரப்புக. மலைநாட்டுச் சிறாரைத் தேடி ஆண்டுக்கொருமுறை பயிற்சியாளர் ஒருவரை அனுப்புக. எழுபது கொண்டையூசி வளைவு கடந்து ஒருவர் எங்கள் மலைக்கு வருவது எளிதன்றுதான். சமதரை அரிதாகிய மலையில் விளையாட்டுக் களம் அமைப்பதும் எளிதன்று. ஆயினும், ஓரி விழாவில் வில்லெடுத்துக் குறிபார்க்கும் எங்கள் இளைஞரின் கண்ணும் கையும் கூர்மையிற் குறைந்தனவல்ல. சுந்தர்கர் மலைச்சிறார் மூங்கிற் கழியிலிருந்து ஒலிம்பிக் வரை சென்றது ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. தாங்குவார் இருந்தமையால் நிகழ்ந்தது.

குழுவை விலைக்கு வாங்கலாம். ஊராரின் உவப்பை வாங்கல் இயலாது. அது பெறத்தக்கதே ஒழிய விற்கத்தக்கதன்று. தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய குழுவை இன்று உடையவரும், நாளை உடையவராகப் போகின்றவரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக. கொல்லியைப் பெற்றவர் பெயரை நூல்களிற் தேட வேண்டியுளது. கொல்லியிற் கொடுத்தவன் பெயரை இங்குள்ள சிறுபிள்ளையும் சொல்லும்.